கறுவாவின் அதபு

றஸ்மியாவுக்குக் குதிரை என்றாலே பயம். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் இன்றைக்கு ரத்தோட்டை ரோட்டில் யாரிடம் விசாரித்தாலும், "குதிரைக்கார ராத்தா வீடா?" என்று கையை நீட்டிக் காட்டிவிடுவார்கள். என்னவோ குதிரைமேல் பிறந்து குதிரைமேல் வளர்ந்தவள் மாதிரி. அந்தப் பட்டத்தை அவள் கேட்டு வாங்கவில்லை. உக்குவெலயிலிருந்து பத்தொன்பது வயதில் கல்யாணம் முடித்து வந்தபோது அந்த வளவில் இருந்தவை மிளகுக் கொடிகள், சாதிக்காய் மரங்கள், சில ஆடுகள், அப்புறம் யாகூப். குதிரை பிறகு வந்தது.

யாகூப் நல்ல மனிதர். ஆசைதான் கொஞ்சம் அளவு மீறியது. நுவரெலியாவுக்கு மரக்கறி விதை வாங்கப் போனவர் ஒருநாள் ஒரு குதிரையை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். ரேஸ் மைதானத்தைச் சுற்றிப் பிள்ளைகளைச் சுமந்து களைத்துப்போன வெள்ளைப் பெட்டைக் குதிரை. அதற்கு பேகம் என்று பெயர் வைத்து, மாத்தளை டவுனிலும் சுற்றுவட்டத்திலும் மாப்பிள்ளை ஊர்வலங்களுக்கு வாடகைக்கு விட்டார். லீவு நாட்களில் ரிவர்ஸ்டன் மலைக்குப் போகிற பாதையோரம் நிறுத்தி, சுற்றுலா வந்த பிள்ளைகளை ஏற்றி ஒரு வட்டம் அடிப்பார். அத்தனை வருடத்தில் றஸ்மியா ஒருதரம்கூடப் பேகத்தைத் தொட்டதில்லை. தவிட்டு வாளியை நீளக் கம்பால் தள்ளிவிட்டு ஓடி வந்துவிடுவாள்.

"அது ஒன்ன திங்காது" என்பார் யாகூப்.

"திங்காதுன்னு அது எழுதிக் குடுத்திச்சா?" என்பாள் இவள்.

பால்மாவுக்கும் சமையல் காஸுக்கும் நாடே வரிசையில் நின்ற அந்த வருடத்தில்தான் பேகம் குட்டி போட்டது. பேகத்தை நுவரெலியாவுக்கே திரும்பக் கொண்டுபோய், ஆண் குதிரையோடு சேர்த்து எடுத்த குட்டி. அதுவும் யாகூபின் ஆசைதான். வயதான உடம்பு தாங்கவில்லை. விடியும்போது பேகம் செத்துக் கிடந்தது. குட்டி நாலு காலையும் நாலு திசைக்குப் பரப்பி எழும்பி நின்று, அசையாத தாயின் மடியை முட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற றஸ்மியா, தன் பயத்தை எந்த இடத்தில் கழற்றிப் போட்டாள் என்று அவளுக்கே தெரியாது. நேராகப் போய்க் குட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஈரம் காயாத அதன் மேனி அப்போதுதான் உரித்த கறுவாப் பட்டையின் நிறத்தில் இருந்தது. பெயரும் அதுவே ஆகிவிட்டது.

ஆட்டுப்பால்தான் கறுவாவைக் காப்பாற்றியது. சோடாப் போத்தலில் சூப்பி மாட்டி, குசினிக்குப் பக்கத்துச் சாய்ப்பில் உட்கார்ந்து, புருஷனும் பெண்சாதியும் மாறிமாறி ஊட்டினார்கள். மகன் ஸப்ரி கட்டாரிலிருந்து போனில் கூப்பிட்டால் பேச்சு முழுக்கக் குட்டியைப் பற்றித்தான். "நான் குடிச்சிட்டனா, திண்டுட்டனான்னு ஒரு வார்த்த கேக்க மாட்டீங்களா உம்மா?" என்று அவன் குறைப்பட்டுக்கொண்டான்.

ஆனால் வளர்ப்பில் இருவரும் இரண்டு கட்சி. றஸ்மியா செல்லக் கட்சி. கறுவா அவள் முந்தானையை இழுத்தால் சிரிப்பாள். தோளில் முகத்தை இடித்தால் அதைக் கட்டிக்கொண்டு கொஞ்சுவாள். குசினிக்குள் தலையை விட்டு ரொட்டியை எடுத்தால், "பசிக்குதாடா?" என்று இன்னொன்று போடுவாள். யாகூப் அதபுக் கட்சி. ஒழுக்கம், மரியாதை, பெரியவர் முன் நடக்கும் முறை எல்லாவற்றுக்கும் சேர்த்து அவர் சொல்லும் ஒரே சொல் அதுதான். "இப்ப இது ஒனக்குப் பூனக்குட்டி. ரெண்டு வருசத்துல நானூறு கிலோ. அப்ப மடியில ஏறி உக்காந்தா யாருகிட்டப் போய்ச் சொல்லுவ?" என்பார்.

அவர் கற்றுக்கொடுத்தது ஒரே ஒரு பாடம். பின்னேரம் அஸர் தொழுகை முடிந்து, கீழ்க் காட்டில் புல் அறுத்துக்கொண்டு, அந்தி மஃரிபுக்கு முன்னால் கேட்டைத் திறந்து உள்ளே வருவார். கறுவா ஓடி வரும். அவர் ஒரு செருமல் செருமி, உள்ளங்கையைக் காட்டி நிற்பார். அது பின்னால் நகர்ந்து தலையைத் தாழ்த்தும் வரைக்கும் ஓர் எட்டு எடுத்து வைக்க மாட்டார். மழை கொட்டினாலும் சரி, தலையில் புல்லுக்கட்டு கனத்தாலும் சரி. அது ஒதுங்கிய பிறகுதான் கிணற்றடிக்குப் போவார், கை கால் கழுவுவார், குசினிக் கதவுக்கு வருவார். கறுவா மரியாதையாகப் பின்னால் வரும். அவர் அடித்ததே இல்லை. நின்றார், அவ்வளவுதான்.

குட்டிக்கு ஒரு வயது தாண்டியதும் யாகூப் மௌத்தானார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கடைத்தெருவில் உட்கார்ந்தவரை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழியிலேயே முடிந்துவிட்டது. ஸப்ரி வந்து சேர்வதற்குள் அடக்கமும் முடிந்தது. றஸ்மியா வெள்ளை உடுத்து இத்தாவில் உட்கார்ந்தாள். நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டும், அந்நிய ஆண்கள் கண்ணில் படக் கூடாது. சாமான் சட்டு வாங்கித் தரவும் ஆடுகளைப் பார்க்கவும் தம்பி பஸ்லி டவுனிலிருந்து தினமும் வந்துபோனான்.

யாகூபின் அக்கா நஸ்மியாவும் வந்து தங்கினாள். மார்க்க விஷயத்தில் மயிரிழை பிசகவிடாத மனுஷி. மூன்றாம் நாள் கத்தம் ஓதி முடித்து எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஜன்னல் வழியாகக் கறுவா எட்டிப் பார்த்ததைக் கண்டு அவளுக்குப் பெரிய சந்தேகம் வந்துவிட்டது.

"பள்ளி ஹஸரத்கிட்ட ஒருக்காக் கேளு பஸ்லி. இது ஆம்புளக் குதிரதானே?"

பஸ்லி கேட்கத்தான் செய்தான். ஹஸரத் சிரிப்பை அடக்கிக்கொண்டு, குதிரைக்கும் இத்தாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று சொல்லியனுப்பினார். நஸ்மியாவுக்கு முழுத் திருப்தி இல்லை. குசினி ஜன்னலுக்குக் கனமான சீலை ஒன்றைக் கட்டிவிட்டாள். "வெளி முத்தத்துக்கு மட்டும் போயிராத. எவன் வாரான், எவன் போறான்னு யாருக்குத் தெரியும்?" என்றாள்.

பிழை இந்த இடத்தில்தான் நடந்தது. வெளியே போய் அதட்ட ஆளில்லாத குதிரையும், வெளியே போக முடியாத பெண்ணும், நடுவில் ஒரு ஜன்னலும். கறுவா ஜன்னல் பலகையை முட்டும். சீலைக்குப் பின்னாலிருந்து வெள்ளைக் கை ஒன்று வாழைப்பழத்தோடு நீளும். இன்னும் பலமாக முட்டும். ரொட்டி வரும். பலகையைக் கடித்தால் கித்துள் கருப்பட்டி வரும். அழுகைக்கும் வெறும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தவளுக்கு அந்தச் சூடான மூச்சு உள்ளங்கையில் படுவது பெரிய ஆறுதல். அவள் கொடுத்தாள். அது கற்றுக்கொண்டது. முட்டினால் உலகம் திறக்கும் என்று நாலு மாதமாக ஒரு குதிரைக்குப் பாடம் நடந்தது. அதற்குள் அது ஜன்னல் உயரத்தைத் தாண்டி வளர்ந்தும்விட்டது.

இத்தாவின் இடையில் ஒருநாள் அவள் அதைக் கண்டாள்.

பஸ்லி போய்விட்டான். நஸ்மியா தஸ்பீஹ் மணியும் கையுமாக முன்னறையில் இருந்தாள். ரிவர்ஸ்டன் பக்கத்திலிருந்து பனிமூட்டம் இறங்கி மிளகுக் கொடிகளை மூடிக்கொண்டிருந்தது. றஸ்மியா சீலையின் ஓரத்தை விலக்கிப் பார்த்தாள். மேய்ந்துகொண்டிருந்த கறுவா சட்டென்று தலையைத் தூக்கியது. காதுகள் நிமிர்ந்தன. கேட்டை நோக்கி நடந்தது. கேட் சாத்தித்தான் இருந்தது. யாரும் இல்லை. கறுவா நின்றது. பிறகு மெல்லப் பின்னால் நகர்ந்து, ஓரமாக ஒதுங்கி, தலையைத் தாழ்த்தியது. கொஞ்சம் பொறுத்து அதன் முகம் கேட்டிலிருந்து கிணற்றடிக்குத் திரும்பியது, ஒரு மனிதர் நடக்கிற வேகத்தில். கிணற்றடியில் கொஞ்ச நேரம் நிலைத்தது. அங்கிருந்து குசினிக் கதவுக்கு வந்தது.

குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றது றஸ்மியா.

அலறியிருக்கலாம், நஸ்மியாவைக் கூப்பிட்டிருக்கலாம். அவள் செய்தது வேறு. உதடு மட்டும் அசைய, "வஅலைக்கும் ஸலாம்" என்றாள். யாரும் ஸலாம் சொல்லவில்லை. முப்பது வருடத்துக்கு மேலாக அந்த நேரத்தில் அந்தக் கதவடியில் வந்த ஸலாமுக்குப் பதில் சொன்ன வாய், தானாகச் சொன்னது.

மறுநாளும் நடந்தது. அதற்கு அடுத்த நாளும். பஸ்லியை இடித்துத் தள்ளும், ஆடுகளை உதைக்கும், நஸ்மியாவின் குடையைப் பிடுங்கி மிதிக்கும் அதே கறுவா, மஃரிபுக்கு முன்னால் அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் மதரஸாப் பிள்ளை மாதிரி அடங்கி ஒடுங்கி வழி விட்டது. உயிரோடிருக்கும் ஒருத்தருக்கும் காட்டாத அதபு. றஸ்மியா யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் நஸ்மியா ஓதிப் பார்க்க ஆள் கூட்டிவருவாள், ஓதினால் ஒருவேளை நின்றுவிடும். நின்றுவிடக் கூடாது என்பதுதான் அவளுடைய பயம். பேய்க்குப் பயப்படுகிறவர்களைக் கண்டிருக்கிறோம். பேய் போய்விடுமோ என்று பயந்தவள் இவள். அந்த நேரத்துக்கு ஒரு பிளேன்டீ ஊற்றிக் கதவோரம் வைப்பாள். ஆறியதும் தானே குடிப்பாள்.

இத்தா முடிந்தது. குளித்து, வேறு நிறம் உடுத்தி, முதன்முதலாக முற்றத்துக்கு வந்தவளை நோக்கிக் கறுவா பாய்ந்து வந்தது. அவள் கையை விரித்தாள். அது நெஞ்சால் இடித்ததில் மண்ணில் விழுந்தாள். விழுந்தவளின் முந்தானையில் கருப்பட்டி தேடியது. எழுந்து அதைக் கட்டிக்கொண்டு அழுதாள். முழங்கை சிராய்ப்பைப் பஸ்லியிடம் மறைத்தாள்.

ராசம்மாவின் தோளெலும்பை மறைக்க முடியவில்லை. மிளகு பறிக்கத் தோட்டத்து லயத்திலிருந்து வழக்கமாக வருகிறவள். கூடையில் ரொட்டி இருந்த வாசனைக்குக் கறுவா முன்னங்கால் இரண்டையும் தூக்கி அவள்மேல் வைத்துவிட்டது. விளையாட்டுத்தான். குட்டியாக இருந்தபோது றஸ்மியாவின் தோளில் அப்படி ஏறும், அவளும் சிரிப்பாள். ராசம்மாவுக்கு எலும்பு உடைந்து கட்டுப் போட்டார்கள். அந்த மனுஷி நல்லவள், பொலிசுக்குப் போகவில்லை. ஆனால் பஸ்லி அன்றைக்கே முடிவெடுத்தான்.

"போதும் ராத்தா. நாளைக்கி ஒரு புள்ள செத்தா யாரு பதில் சொல்ற? தம்புள்ளயில ஒரு ஆளு கேக்கிறாரு. ஹஜ்ஜுப் பெருநாள் முடிஞ்சு லொறியோட வாரன்னு சொல்லீக்கிறாரு."

"அவரு எப்பிடி அவன வச்சிப் பாப்பாரு?"

பஸ்லி முகத்தைத் திருப்பிக்கொண்டான். "மரத்துல கட்டி, பட்டினி போட்டு, நாலு அடி குடுத்தா வழிக்கு வரும்னாரு. அப்பிடித்தானாம் எல்லாம் பழக்குற."

"அவனுக்கு ஒழுங்கு வந்தா?"

"வந்தா நான் ஏன் விக்கிறேன்? வராது ராத்தா. அது ஒங்கட கண்ணுலயே வெரல உட்டு ஆட்டுது."

ஜெனிஸ்டா என்கிற மிருக வைத்தியர் கறுவாவுக்கு விதையடிக்க வந்தது அந்த நாட்களில்தான். தோட்டத்தில் பிறந்து படித்து மேலே வந்த இளம் பெண். கழுத்தில் சின்னச் சிலுவை, காலில் முழங்கால் வரைக்கும் பூட்ஸ். வேலையை முடித்து, புண் ஆறும் வரைக்கும் இடையிடையே வந்து பார்த்தாள். றஸ்மியா அவளிடம் கெஞ்சாத குறை.

"இதோட அடங்கிருமா டொக்டர்?"

"சூடு கொறையும் ஆன்ட்டி. மரியாத அதோட வராது" என்றாள் ஜெனிஸ்டா. "தாய் இருந்திருந்தா ஒரு கடி, ஒரு ஒதையில சொல்லிக் குடுத்திருக்கும். கையில வளந்த குட்டிக்கு மனுசங்க மேல பயமும் இல்ல, மதிப்பும் இல்ல. ஒங்களையும் இன்னொரு குட்டின்னுதான் நெனைக்குது. இனிமே கையால ஒண்ணும் ஊட்டாதீங்க, வாளியில வைங்க. அது வந்தா நீங்க நகராதீங்க, அத நகர வைங்க. யாரு யார நகத்துறாங்களோ அவங்கதான் பெரியவங்க. குதிரைக்குத் தெரிஞ்ச மரியாத அவ்வளவுதான்."

கேட்க இலகுவாக இருந்தது. றஸ்மியா மறுநாள் காலையில் முற்றத்தில் நின்று உள்ளங்கையைக் காட்டினாள். கறுவா கையை நக்கியது. "பின்னுக்குப் போ" என்றாள். அது முன்னுக்கு வந்தது. அவள் பின்னுக்குப் போனாள். அவளுடைய கால்கள் வாழ்க்கை முழுக்கப் பின்னுக்குப் போன கால்கள். பெரியவர்கள் வந்தால் பின்னுக்கு, ஆண்கள் வந்தால் பின்னுக்கு, புருஷன் நடந்தால் அவருக்குப் பின்னால். ஒரு நாளும் யாரையும் அவை நகர்த்தியதில்லை. தினமும் நின்று பார்த்தாள். தினமும் கிணற்றுக் கட்டு முதுகில் படும் வரைக்கும் அது அவளைத் தள்ளிக்கொண்டு போனது. ஹஜ்ஜு மாதத்துப் பிறை தெரிந்துவிட்டது, பெருநாளுக்கு இனிப் பத்து நாள்தான்.

ஒரு சாயந்தரம் ஜெனிஸ்டா தாமதமாக வந்தாள். புண்ணைப் பார்த்து மருந்து போட்டுவிட்டு வாளியில் கை கழுவிக்கொண்டிருந்தபோது கறுவா தலையைத் தூக்கியது. மறைக்க வழியில்லை. டொக்டரின் கண் முன்னாலேயே கறுவா கேட்டுக்குப் போய், ஒதுங்கி, தலை தாழ்த்தி, இல்லாத மனிதரைக் கிணற்றடி வரைக்கும் கண்ணால் கொண்டுபோய் விட்டது. கைகழுவிய தண்ணீர் சொட்டச் சொட்ட ஜெனிஸ்டா கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யாருக்கு ஒதுங்குது?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"அவருக்கு."

ஜெனிஸ்டா ஈரக் கையைச் சட்டையில் துடைத்தாள். பிறகு டொக்டர் தன் படிப்பை எடுத்துப் போர்த்திக்கொண்டாள். "பழக்கம் ஆன்ட்டி. அந்த வெளிச்சம், அந்த நேரம் வந்தா ஒடம்பு தானாச் செய்யும். மிருகங்களுக்கு அப்பிடி இருக்கு." சொல்லிவிட்டு, கேட்டைக் கடந்து மோட்டார் சைக்கிளுக்குப் போகும்போது அவளும் கொஞ்சம் ஓரமாகவே நடந்தாள். ஏறி உட்கார்ந்த பிறகுதான் கடைசியாகச் சொன்னாள்: "ஒண்ணு மட்டும் நிச்சயம். அதுக்கு மரியாத தெரியாம இல்ல. ஒரு ஆளுக்கு மட்டும் வச்சிருக்கு. அந்த எடத்துல இப்ப ஒங்களப் பாக்கணும்."

அந்தச் சொல் றஸ்மியாவைத் தூங்கவிடவில்லை. அந்த இடத்தில் தன்னைப் பார்க்க வேண்டுமானால், அந்த நேரத்தில், அந்தக் கேட்டால், அந்த வழியாகத் தான் வர வேண்டும். கறுவாவுக்கு ஒரே ஒரு வழிதான் மனதில் இருக்கிறது. அதில் ஒருவர் நடந்துகொண்டிருக்கிறார். தான் அதில் நடந்தால் அவர் எங்கே நடப்பார்? டொக்டர் சொன்னது மாதிரி வெறும் பழக்கம்தான் என்றால் நட்டம் ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பழக்கத்தைத் தவிர அவர் இந்த உலகத்தில் வேறெங்கும் இல்லையே. சட்டை துணிமணியை நஸ்மியா ஸதகாவாகக் கொடுத்துவிட்டாள். குரலும் மறந்துகொண்டு வருகிறது. கறுவாவை லொறியில் ஏற்றிவிட்டாலும் அவர் போய்விடுவார். கறுவாவைத் திருத்தினாலும் போய்விடுவார். மிஞ்சுவது, அந்தப் பிராணி அடிபட வேண்டுமா, வேண்டாமா என்பது மட்டும்தான். பாயில் எழுந்து உட்கார்ந்து, அல்லாஹ்வே, இதென்ன கணக்கு என்று அழுதாள்.

அடுத்த நாள் அஸர் தொழுதாள். கீழ்க் காட்டுக்குப் போய்க் கொஞ்சம் புல் அறுத்தாள். அவர் வரும் நேரத்துக்குக் கேட்டைத் திறந்து உள்ளே வந்தாள். ஆனால் வழியின் நடுவில் வரவில்லை. வலது பக்கம் ஓர் ஆள் நடக்க இடம் விட்டு, ஓர் எட்டுப் பிந்தி வந்தாள். கல்யாண வீடோ ஜனாஸா வீடோ, எங்கே போனாலும் அவரோடு அப்படித்தான் நடப்பாள். கறுவா வெறும் இடத்துக்கு ஒதுங்கித் தலை தாழ்த்தியது. அந்த வெறும் இடம் கடந்து போனதும் நிமிர்ந்து, பின்னால் வந்தவளை இடித்துப் புல்லைப் பிடுங்கியது. மறுநாளும் அப்படியே. அவருக்கு மரியாதை, இவளுக்கு இடி. புருஷன் இருந்த காலத்தில் ஊர் காட்டிய வித்தியாசத்தைத்தான் குதிரையும் காட்டியது.

பெருநாளுக்கு முந்திய நாள். ஊரெல்லாம் குர்பானி மாட்டின் சத்தம். பனி அன்றைக்குத் தரையைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. புல்லுக்கட்டோடு கேட்டடிக்கு வந்த றஸ்மியா கொக்கியில் கையை வைத்தபடி நின்றாள். உள்ளே கறுவா காதை நிமிர்த்திக் காத்திருந்தது. தோளுக்குப் பக்கத்தில் அவருடைய வேர்வையும் பச்சைப் புல்லும் கலந்த வாசம் வந்தது. புல் அவள் தலையில்தான் இருந்தது, அது தெரியும். வேர்வையும் தன்னுடையதாக இருக்கலாம். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஸப்ரிட வாப்பா" என்றாள். அவரை அவள் எப்போதும் அப்படித்தான் கூப்பிடுவாள். "கொஞ்சம் வெலகி நில்லுங்க. நான் முன்னுக்குப் போகணும்."

கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் சொல்லாத வார்த்தை. சொல்லிவிட்டு, ஒருவர் விலகுவதற்கு எவ்வளவு நேரம் எடுக்குமோ அவ்வளவு நேரம் நின்றாள். பிறகு கேட்டைத் திறந்து, வழியின் நட்ட நடுவில் கால் வைத்தாள். ஒரு செருமல் செருமினாள். உள்ளங்கையைக் காட்டினாள்.

கறுவா அவளைப் பார்த்தது. அவளுக்குப் பக்கத்தில் பார்த்தது. பின்னால் பார்த்தது. திரும்ப அவளைப் பார்த்தது. ஓர் எட்டு முன்னால் வந்து, மூச்சு அவள் முகத்தில் படும் தூரத்தில் நின்றது. றஸ்மியாவின் குதிகால்கள் பழக்கத்தில் எழும்பின. அவற்றை மண்ணில் அழுத்தினாள். புல்லுக்கட்டு கழுத்தை நெரித்தது. முகத்தில் வழிந்தது பனியா கண்ணீரா என்று துடைக்கக்கூடக் கையை இறக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. கறுவா பெருமூச்சு விட்டது. பின்னங்கால் ஒன்று நகர்ந்தது, மற்றது நகர்ந்தது. ஒதுங்கித் தலையைத் தாழ்த்தியது. அவள் கிணற்றடிக்குப் போனாள், கை கால் கழுவினாள், குசினிக் கதவுக்கு வந்தாள். அதன் கண்கள் அவளோடு வந்தன. வேறெங்கும் போகவில்லை.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஒருதரம் புரிந்ததும் கறுவா காலையிலும் ஒதுங்கியது, மத்தியானமும் ஒதுங்கியது. வாளி வைத்தால், போ என்று சொல்லும் வரைக்கும் நின்றது. காலைத் தூக்கச் சொன்னால் தூக்கியது. கட்டுப் போட்ட கையைக் கழுத்துச் சிலிங்கில் தொங்கவிட்டு வந்த ராசம்மாவுக்கும் வழி விட்டது. அவள் மூக்கில் விரலை வைத்தாள். "என்னா ராத்தா, மந்திரிச்சீங்களா?" என்றாள்.

பெருநாள் முடிந்து தம்புள்ளைக்காரர் லொறியோடு வந்தார். இறங்கும்போதே தோளில் கயிறும் கையில் தடியும் இருந்தன. பஸ்லி தூரத்தில் நின்றுகொண்டான். றஸ்மியா முக்காட்டை இழுத்துவிட்டு முற்றத்தின் நடுவில் நின்று கையைக் காட்டினாள். கறுவா பின்னால் நகர்ந்து தலையைத் தாழ்த்தியது. வந்தவர் அதைச் சுற்றி வந்தார், கழுத்தைத் தட்டினார், குளம்பைத் தூக்கிப் பார்த்தார். பஸ்லியிடம் திரும்பினார்.

"இத எதுக்கு நீங்க விக்கிறீங்க?"

பஸ்லி பெருநாளுக்குக் கிண்டிய தொதல் கொடுத்து, டீ கொடுத்து, மன்னிப்புக் கேட்டு லொறியை வெறுமையாக அனுப்பி வைத்தான். கேட்டைச் சாத்திவிட்டு வந்து, "ராத்தா, நீங்க பெரிய ஆள்தான்" என்றான். அவனுக்கும் கண் கலங்கியிருந்தது. கறுவாவின் நெற்றியைத் தடவிவிட்டுப் போனான்.

அன்றைக்கு அஸர் தொழுத பிறகு றஸ்மியா புல்லறுக்கப் போகவில்லை. வேண்டுமென்றுதான் போகவில்லை. வேலை முடிந்துவிட்டது, கறுவா பிழைத்துவிட்டது. இனி அந்த இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தாள். குசினி ஜன்னலில் நின்று பார்த்தாள். வெளிச்சம் சாய்ந்தது. மிளகுக் கொடிகளுக்குள் பனி வந்தது. கறுவா மேய்ந்துகொண்டிருந்தது. அவர் வரும் நேரம் வந்தது. கறுவா மேய்ந்துகொண்டே இருந்தது. காது நிமிரவில்லை. கேட் சாத்திக் கிடந்தது. அதன் பக்கம் அது திரும்பக்கூட இல்லை. நேரம் கடந்தது.

செருப்பும் போடாமல் அவள் முற்றத்துக்கு ஓடினாள்.

"அவரு எங்கடா?" என்றாள். "கறுவா, அவரு எங்க?"

கறுவா புல்லிலிருந்து தலையைத் தூக்கியது. அவள் இரண்டு கையையும் விரித்தாள். ஒருதரம், ஒரேயொரு தரம் பழையபடி பாய்ந்து வரட்டும், இடிக்கட்டும், தள்ளி விழுத்தட்டும், எலும்பு உடைந்தாலும் உடையட்டும் என்று அதன் முன்னால் போய் நின்றாள். கறுவா அவளைப் பார்த்தது. படித்தபடி, ஒரு பிழையும் இல்லாமல், பின்னால் நகர்ந்து, தலையைத் தாழ்த்தி, அவளுக்கு வழி விட்டது.